சிலை வார்ப்பு அச்சுகள்: காவிரிப் படுகையில் மண் அச்சிலிருந்து சிலிக்கோன் வரை

சிலை வார்ப்பு அச்சு என்பது உருகிய அல்லது நீர்மநிலையில் உள்ள ஒரு பொருளை ஊற்றி, அது இறுகியபின் சிலையாக எடுப்பதற்கான உட்குழிவான கூடு. உலோகம், பிளாஸ்டர், சிமெண்ட், பைபர் எனப்படும் கண்ணாடி இழைக் கலவை, சிலிக்கோன் ரப்பர் ஆகியவற்றுக்கு வெவ்வேறு வகை அச்சுகள் பயன்படுகின்றன. அச்சின் உட்பரப்பில் உள்ள ஒவ்வொரு கோடும் சிலையில் பதியும். அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் தூசியும் பழைய மெழுகும் ஈரமும் அவ்வாறே பதியும். ஆகவே அச்சைத் தூய்மை செய்து ஆயத்தப்படுத்துவது வார்ப்புக் கலையின் முதன்மையான வேலைகளுள் ஒன்று.

தஞ்சாவூர் முதல் வேதாரண்யம் வரையிலான காவிரிப் படுகை, சோழர் காலம் முதல் செப்புத் திருமேனிகளுக்குப் புகழ்பெற்றது. இப்பகுதியின் மரபில் ஓர் அச்சு ஒரே ஒரு சிலையைத் தந்துவிட்டு உடைக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டிலிருந்து மீண்டும் மீண்டும் பயன்படும் அச்சுகள் பரவின. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிலிக்கோன் ரப்பர் அச்சு வந்தது. இந்த மாற்றத்தால் சிலைகளைப் படியெடுப்பது எளிதாயிற்று. அதன் நன்மையையும் கேட்டையும் இப்பகுதியின் கோயில்களும் ஊர்களும் கண்டுள்ளன.

சொல்லும் பொருளும்

வார்ப்பு என்பது ‘வார்த்தல்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. தண்ணீர் வார்த்தல், தோசை வார்த்தல் என்பவற்றில் உள்ள அதே சொல்தான். அச்சு என்ற சொல் வண்டி அச்சு, நூல் அச்சு, வெல்ல அச்சு எனப் பல இடங்களில் வழங்குகிறது. கரும்புப் பாகை ஊற்றி அச்சு வெல்லம் எடுக்கும் மரப்பலகையும், கொலு பொம்மை எடுக்கும் இரு பாதி அச்சும், சிலை வார்க்கும் மண் கூடும் ஒரே கருத்தில் அமைந்தவை.

செதுக்கிய உருவம், வார்த்த உருவம் என்ற வேறுபாடு கோயில் மரபிலும் கவனிக்கப்பட்டது. வேதாரண்யத்தின் பழம்பெயர் திருமறைக்காடு. இது தியாகராசருக்குரிய ஏழு விடங்கத் தலங்களுள் ஒன்று. இங்குள்ள தியாகராசர் புவனி விடங்கர் எனப்படுகிறார். திருவாரூர், திருநள்ளாறு, நாகைக்காரோணம், திருக்காறாயில், திருக்கோளிலி, திருவாய்மூர் ஆகியவை மற்ற ஆறு. ‘டங்கம்’ என்றால் உளி. ‘விடங்கம்’ என்றால் உளி படாதது என்று பொருள் கூறுவர். உளியால் உருவாவதும், மெழுகிலும் மண்ணிலும் உருவாவதும், கைபடாமல் தானே அமைந்ததும் வேறு வேறு என்ற உணர்வு இம்மரபில் இருந்ததை இப்பெயர் காட்டுகிறது.

நூல்களும் கல்வெட்டுகளும் தரும் செய்தி

மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றும் முறைக்கு வடமொழிச் சிற்ப நூல்களில் ‘மதுச்சிஷ்ட விதானம்’ என்று பெயர். மதுச்சிஷ்டம் என்பது தேன் எடுத்தபின் எஞ்சும் தேன்மெழுகு. மானசாரம் என்னும் சிற்ப நூலில் இதற்கெனத் தனிப் பகுதி உண்டு.

12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரால் அமைந்த மானசோல்லாசம், அச்சு மண்ணை ஆயத்தம் செய்யும் முறையை இன்னும் விளக்கமாகக் கூறுகிறது. களிமண்ணுடன் உமிக்கரி, மிக நுண்ணிதாக நறுக்கிய பஞ்சு, சிறிதளவு உப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கல்லில் அரைக்க வேண்டும். அதை மெழுகு உருவின்மேல் மூன்று முறை பூச வேண்டும். முதற்பூச்சு மெல்லியதாக இருந்து நிழலில் உலர வேண்டும். மெழுகின் எடையைக் கொண்டே உலோகத்தின் எடையைக் கணக்கிட வேண்டும் என்றும் அந்நூல் சொல்கிறது.

இக்கணக்கின் அடிப்படையை இன்றைய பள்ளி இயற்பியலாலும் விளங்கிக்கொள்ளலாம். தேன்மெழுகின் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றுக் குறைவு. வெண்கலத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல் ஏறத்தாழ 8.8 மடங்கு. ஒரு கிலோ மெழுகு விட்டுச்சென்ற இடத்தை நிரப்ப ஏறத்தாழ ஒன்பது கிலோ வெண்கலம் வேண்டும். உலோகம் குறைந்தால் சிலை பாதியில் நிற்கும். அந்த அச்சும் வீணாகும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டுகள், கோயிலுக்கு அளிக்கப்பட்ட செப்புத் திருமேனிகளைப் பட்டியலிடுகின்றன. பாதம் முதல் கேசம் வரை எத்தனை முழம், எத்தனை விரல் உயரம் என்பதும், திருமேனி கனமாக வார்க்கப்பட்டது என்பதும் அவற்றில் குறிக்கப்பட்டுள்ளன. உள்ளே வெற்றிடம் இல்லாமல் முழுதும் உலோகமாக வார்ப்பது கன வார்ப்பு. உள்ளே மண் கருவை வைத்து உலோகத்தை மேலோடாக மட்டும் வார்ப்பது பொள்ளல் வார்ப்பு. சோழர் காலத் திருமேனிகள் பெரும்பாலும் கன வார்ப்பால் ஆனவை. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவெண்காட்டு ரிஷபவாகனர் இன்று தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் உள்ளது. அதன் தலைப்பாகையின் மெல்லிய சுருள்கள் அக்கால அச்சின் நுட்பத்துக்கு நேரடியான சான்று.

சுவாமிமலையின் மண் அச்சு

கும்பகோணத்துக்கு மேற்கே காவிரிக்கரையில் உள்ள சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் இம்முறையில் திருமேனிகளை வார்க்கின்றனர். சுவாமிமலை வெண்கலத் திருமேனிகள் புவிசார் குறியீடு பெற்றவை.

தென்னை ஓலையின் ஒரு கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவுகள் எடுப்பர். இதற்கு ஒடியோலை என்று பெயர். தேன்மெழுகு, குங்கிலியம், எண்ணெய் ஆகியவற்றைக் காய்ச்சிக் கலந்து மெழுகு உரு செய்யப்படும். செய்த உறுப்புகள் இளகிவிடாமல் இருக்கக் குளிர்ந்த நீரில் இடப்படும். உறுப்புகளைச் சூடான கருவியால் ஒட்டி முழு உருவமாக்கியபின், உலோகம் உள்ளே செல்வதற்கும் காற்று வெளியேறுவதற்கும் மெழுகாலேயே குழல்கள் பொருத்தப்படும்.

அடுத்து மண் பூச்சு. காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணை உமிக்கரியோடு சேர்த்து அரைத்து முதற்பூச்சாகப் பூசுவர். சிலையின் நகமும் அணியும் ஆடை மடிப்பும் பதிவது இந்த மெல்லிய பூச்சில்தான். அதில் ஒரு சிறு கல் இருந்தால் சிலையின் கன்னத்தில் பள்ளம் விழும். ஆகவே மண்ணைக் கரைத்து, தெளியவைத்து, கசடு நீக்கி எடுக்கின்றனர். இரண்டாம் பூச்சு வயல் களிமண்ணும் மணலும் கலந்தது. மூன்றாவது பருமணல் கூடிய தடித்த பூச்சு. பெரிய சிலைகளுக்கு வெளியே இரும்புக் கம்பி கட்டி வலுவூட்டுவர். ஒவ்வொரு பூச்சும் நிழலில் உலர்ந்த பிறகே அடுத்தது பூசப்படும். வெயிலில் வைத்தால் மெழுகு இளகும், மண்ணும் வெடிக்கும்.

உமிக்கரி சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. களிமண் மட்டும் இருந்தால் சூட்டில் சுருங்கி வெடிக்கும். கரித்துகள்கள் மண்ணில் நுண்துளைகளை ஏற்படுத்துகின்றன. உலோகம் உள்ளே பாயும்போது சிக்கிய காற்றும் ஆவியும் அத்துளைகள் வழியே வெளியேறுகின்றன. நெல் விளையும் நாட்டில் உமிக்குப் பஞ்சமில்லை. வண்டலும் உமியும் களிமண்ணும் அருகருகே கிடைத்தது இத்தொழில் படுகையில் நிலைத்ததற்கு ஒரு காரணம்.

நெருப்பால் தூய்மை

மண் அச்சின் உட்பரப்பைக் கையால் துடைக்க முடியாது, கழுவவும் முடியாது. அதைத் தூய்மை செய்வது நெருப்பு. உலர்ந்த அச்சை வறட்டி அடுக்கிச் சூடாக்கும்போது மெழுகு உருகிக் குழல் வழியே வெளியே வடியும். பெரும்பகுதி மெழுகு வடிந்தபின்னும் ஒரு மெல்லிய படலம் மண்ணில் ஊறியிருக்கும். தொடர்ந்து சூடேற்றும்போது அதுவும் எரிந்து போகும். மண்ணில் எஞ்சிய ஈரமும் நீங்கும்.

இதில் அவசரப்பட்டால் வேலை முழுதும் கெடும். மெழுகு எஞ்சியிருந்தால் உலோகம் பட்டதும் புகையாகி, சிலையில் குமிழ்க் குழிகளை உண்டாக்கும். ஈரம் எஞ்சியிருந்தால் அது நொடியில் நீராவியாகி அச்சைப் பிளந்து, உலோகத்தை வெளியே பீய்ச்சும். வார்ப்புத் தொழிலில் உயிருக்கே ஆபத்தான கணம் இதுதான். அச்சு ஆறியிருந்தாலும் உலோகம் விரல் நுனி, சடை நுனி போன்ற மெல்லிய இடங்களை எட்டுவதற்குள் உறைந்துவிடும். ஆகவே அச்சு சூடாக இருக்கும்போதே மண்ணில் புதைத்து, வாய் மேலே இருக்க நிறுத்தி, மூசையில் உருக்கிய உலோகத்தை இடைவிடாமல் ஊற்றுகின்றனர்.

உலோகம் ஆறியபின் அச்சு உடைக்கப்படும். மெழுகு உருவும் இல்லை, அச்சும் இல்லை. சிலை மட்டுமே மிஞ்சும். அதே போன்ற இன்னொரு சிலை வேண்டுமானால் மீண்டும் முதலிலிருந்து மெழுகைப் பிசைய வேண்டும். இதனால் ஒரே ஸ்தபதி ஒரே அளவில் செய்த இரு திருமேனிகள்கூட முற்றிலும் ஒத்திருப்பதில்லை. இந்தச் சிறு வேறுபாடுகளே பிற்காலத்தில் ஒரு திருமேனியை அடையாளம் காண உதவும் சான்றாயின.

மீண்டும் பயன்படும் அச்சுகள்

ஒரே அச்சில் பல உருவங்கள் எடுக்கும் பழக்கமும் படுகைக்குப் புதிதன்று. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைகள் இரு பாதி அச்சில் எடுத்து ஒட்டப்படுபவை. தஞ்சாவூர்க் கலைத்தட்டுகளில் உள்ள உருவங்கள், மெல்லிய வெள்ளித் தகட்டை உலோக அச்சில் வைத்துத் தட்டி எடுக்கப்படுபவை. ஆனால் இவை விளையாட்டுக்கும் அலங்காரத்துக்கும் உரியவை. வழிபாட்டுத் திருமேனிக்கு உடையும் அச்சே வழக்கமாயிருந்தது.

ஏற்கெனவே உள்ள ஒரு சிற்பத்தின்மேல் அச்சு எடுத்துப் படி செய்யும் முறை ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் வழியே இந்தியாவில் பரவியது. 1869–70ஆம் ஆண்டுகளில் ஹென்றி ஹார்டி கோல் என்ற ஆங்கிலேய அதிகாரியின் குழு சாஞ்சித் தூபியின் கிழக்குத் தோரண வாயிலை முழுதாகப் படியெடுத்தது. இதற்காகப் பல டன் பிளாஸ்டரும் ஜெலட்டினும் சாஞ்சிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. ஜெலட்டின் வளையும் தன்மையுடையது. குழிந்தும் புடைத்தும் உள்ள சிற்ப வேலையிலிருந்து அச்சை உடையாமல் உரித்தெடுக்க அது உதவியது. இன்றைய சிலிக்கோன் செய்யும் வேலையை அன்று அரைகுறையாகச் செய்தது ஜெலட்டின் எனலாம். ஆனால் அது வெப்பத்தில் இளகும், ஈரத்தில் கெடும். சில படிகளுக்குமேல் தாங்காது.

தமிழ்நாட்டில் 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி, பிளாஸ்டர் வேலையைப் பாடமாக்கிய இடங்களுள் ஒன்று. 1929இல் அதன் முதல்வரான தேவி பிரசாத் ராய் சௌத்ரி உருவாக்கிய உழைப்பாளர் சிலை 1959இல் மெரினாவில் நிறுவப்பட்டது. களிமண்ணில் உருவம் செய்து, அதன்மேல் பிளாஸ்டர் அச்சு எடுத்து, பின் வெண்கலத்தில் வார்க்கும் முறை பொது இடச் சிலைகளுக்கு வழக்கமாயிற்று. தலைவர்களின் சிலைகள் ஊர்தோறும் வைக்கப்பட்டபோது சிமெண்டும் பின்னர் பைபரும் வெண்கலத்துக்கு மாற்றாக வந்தன.

அச்சு உடைக்கப்படாமல் நிலைத்ததும் புதிய வேலையொன்று தோன்றியது. ஒவ்வொரு முறையும் அச்சைக் கழுவி, உலர்த்தி, ஒட்டாத பூச்சு பூசி, அடுத்த வார்ப்புக்கு ஆயத்தம் செய்ய வேண்டியதாயிற்று. நெருப்பு செய்த வேலை மனிதக் கைக்கு வந்தது.

சிலிக்கோன் ரப்பர்

சிலிக்கன் வேறு, சிலிக்கோன் வேறு. சிலிக்கன் என்பது மணலில் ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கும் தனிமம். சிலிக்கோன் என்பது சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறி அமைந்த நீண்ட சங்கிலியில் கரிமத் தொகுதிகள் இணைந்த செயற்கைப் பொருள். 1940களில் இது வணிகப் பொருளாயிற்று. அறை வெப்பநிலையிலேயே இறுகும் சிலிக்கோன் ரப்பர் 1950களில் வந்தது. இரு நீர்மங்களைக் கலந்து ஊற்றினால் சில மணி நேரத்தில் ரப்பராக இறுகும். கைரேகையைக்கூடத் துல்லியமாகப் பதிவு செய்யும். இழுத்தால் நீளும், விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும். பெரும்பாலான பொருள்களோடு ஒட்டாது.

இறுகச் செய்யும் வேதிப்பொருளைக் கொண்டு இது இரு வகைப்படும். வெள்ளீயச் சேர்மத்தால் இறுகும் வகை விலை குறைவு. எளிதில் கெடாமல் இறுகும். ஆனால் நாளடைவில் சற்றுச் சுருங்கி, சில ஆண்டுகளில் கிழியத் தொடங்கும். பிளாட்டினச் சேர்மத்தால் இறுகும் வகை மிகக் குறைவாகவே சுருங்கும்; நீண்டநாள் நிற்கும்; ஆனால் அழுக்கைச் சற்றும் பொறுக்காது. கந்தகம் கலந்த சிற்பக் களிமண், இயற்கை ரப்பர், சில வகைப் பசைகள், வெள்ளீய வகைச் சிலிக்கோனின் எச்சம் ஆகியவற்றுள் ஒன்று அச்சில் இருந்தாலும், அது தொட்ட இடத்தில் சிலிக்கோன் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். ரப்பர் கையுறையோடு கலக்கினால்கூட இது நேரும்.

சிலிக்கோன் ஊற்றுவதற்கு அச்சை ஆயத்தப்படுத்துதல்

சிலிக்கோனை அச்சாகவும் பயன்படுத்தலாம். பிளாஸ்டர் அல்லது பைபர் அச்சில் ஊற்றிச் சிலிக்கோன் உருவமும் எடுக்கலாம். இரண்டாவது வேலைக்குப் பழைய அச்சுகளே பெரும்பாலும் பயன்படுவதால் தூய்மை மிகவும் இன்றியமையாதது. வேலை நடக்கும் வரிசை வருமாறு:

முதலில் அச்சின் துண்டுகளைப் பிரித்து, மெத்தென்ற தூரிகையால் தூசியும் களிமண் துணுக்கும் நீக்கப்படும். உலோகக் கருவியால் சுரண்டினால் கீறல் விழுந்து அது எல்லாப் படிகளிலும் தெரியும். ஆகவே மூங்கில் குச்சி போன்றவையே ஏற்றவை. எஞ்சிய மெழுகை இளஞ்சூட்டில் உருக்கித் துணியால் ஒற்றி எடுப்பர். பைபர் அச்சையும் சிலிக்கோன் அச்சையும் மென்மையான சோப்பு நீரால் கழுவலாம். பிளாஸ்டர் அச்சு நீரை உறிஞ்சுமாதலால் அதை ஊறவைப்பதில்லை; ஈரத் துணியால் துடைத்து உலர்த்துவர். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கப்படும்.

அடுத்தது உலர்த்தல். பிளாஸ்டர் பார்வைக்கு உலர்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரம் இருக்கும். எடை மாறாமல் நின்றால்தான் முழுதும் உலர்ந்ததாகக் கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் படுகை முழுதும் மழையில் நனைந்திருக்கும்போது இது எளிதன்று. கடற்கரை ஊர்களில் காற்றோடு வரும் உப்பு பிளாஸ்டரில் படிந்து மேலும் ஈரத்தை ஈர்க்கும். உலராத அச்சில் ஊற்றிய சிலிக்கோனில் குமிழ்கள் தோன்றும்.

பின்னர் நுண்துளைகளை அடைக்க அரக்குக் கரைசல் போன்ற பூச்சு தரப்படும். அதன்மேல் ஒட்டாமல் இருக்க மெழுகு, வாசலின் அல்லது சோப்புக் கரைசல் மெல்லிதாகத் தடவப்படும். தடித்துப் பூசினால் நுண்கோடுகள் மறைந்துவிடும். சிலிக்கோன் வேறெதனோடும் ஒட்டாவிட்டாலும் சிலிக்கோனோடு மட்டும் ஒட்டும். சிலிக்கோன் அச்சில் சிலிக்கோனையே ஊற்றும்போது ஒட்டாத பூச்சை மறந்தால் அச்சும் உருவமும் ஒரே கட்டியாகிவிடும்.

இறுதியாக ஒரு மூலையில் சிறிதளவு ஊற்றி இறுகுகிறதா என்று சோதிப்பது வழக்கம். சோதனை சரியாக இருந்தால் முதலில் தூரிகையால் மெல்லிய படலம் பூசுவர். பிறகு ஒரே இடத்தில் மெல்லிய தாரையாக ஊற்றி நீர்மம் தானே பரவ விடுவர். மண் அச்சின் முதற்பூச்சும் சிலிக்கோனின் முதற்படலமும் செய்யும் வேலை ஒன்றே. நுண்மை முதற்படலத்தில், வலிமை அதன் பின்னுள்ள தடித்த அடுக்கில் என்ற பழைய விதி இங்கும் மாறவில்லை.

உப்புக் காற்றும் செப்புத் திருமேனியும்

மேற்கூறிய தூய்மை முறைகள் அச்சுக்கு உரியவை. மூலச் சிலைக்கு அப்படியே பொருந்தா. பழைய செப்புத் திருமேனியின்மேல் அச்சு எடுக்க விரும்புவோர் முதலில் அதைத் துலக்க முற்படுவதுண்டு. சேதம் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

செம்பும் உப்பும் ஆகாதவை. கடற்காற்றிலும் உவர் மண்ணிலும் உள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து செம்புக் குளோரைடாகி உலோகத்தின் உள்ளே தங்கும். ஈரமும் காற்றும் பட்டதும் அது வெளிர்பச்சைப் பொடியாக வெளிப்பட்டு, மீண்டும் புதிய செம்பை அரிக்கும். இதை வெண்கல நோய் என்பர். காற்றின் ஈரப்பதத்தை 40 விழுக்காட்டுக்குக் கீழ் வைத்தால் இது பெரிதும் அடங்கும். அகத்தியம்பள்ளி, கோடியக்காடு உப்பளங்களை அடுத்துள்ள வேதாரண்யம், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி போன்ற கரையோர ஊர்களில் இயல்பான காற்று ஆண்டு முழுதும் இதைவிட ஈரமானது. 1930 ஏப்ரலில் இராசாசியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வந்த தொண்டர்கள் அள்ளிய அதே உப்பு, திருமேனிகளுக்கு ஓயாத பகை.

புளியும் எலுமிச்சையும் தேய்த்துத் துலக்கினால் சிலை பளபளக்கும். ஆனால் உலோகத்தைக் காத்துநின்ற பழைய மேற்படலம் போய்விடும். நூற்றாண்டுகளாக அபிடேகமும் துலக்கலும் நடந்த திருமேனிகள் பலவற்றில் கண்ணும் மூக்கும் மழுங்கியிருப்பதைக் காணலாம். சிலிக்கோனும் தீங்கற்றது அன்று. உதிரும் நிலையில் உள்ள பச்சைப் படலத்தை அது பிடித்து இழுத்துவிடும். அதிலுள்ள எண்ணெய்த் தன்மை நுண்துளையுள்ள கல்லிலும் சுடுமண்ணிலும் ஊறிக் கறையாக நிற்கும். இடைப்படலம் பூசாமல் தொல்பொருள்மேல் சிலிக்கோன் ஊற்றக்கூடாது என்பது பாதுகாப்பு வல்லுநர்களின் விதி.

தமிழ்நாட்டில் இத்துறையை அறிவியல் முறையில் தொடங்கியவர் ச. பரமசிவன். 1930இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் தொடங்கிய வேதியியல் ஆய்வகத்தில், நோயுற்ற வெண்கலங்களை மின்பகுப்பு முறையால் அவர் சீர்செய்தார்.

சிவபுரம்: படி கோயிலில், மூலம் வெளிநாட்டில்

படியெடுக்கும் திறன் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் படுகைக்கு உணர்த்தியது சிவபுரம் நடராசர் வழக்கு. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் நடராசர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் மண்ணிலிருந்து கிடைத்தன. அவை கோயிலிடம் ஒப்படைக்கப்பட்டு, 1954இல் பழுது நீக்குவதற்காக வெளியே அனுப்பப்பட்டன. திரும்பி வந்தவை புதிதாகச் செய்த படிகள். ஊரார் அதை அறியவில்லை. அவற்றுக்கே பூசை நடந்தது.

1965இல் வெளியான சோழர் வெண்கலங்கள் பற்றிய தம் நூலில் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட், கோயிலில் இருப்பது படி என்றும் மூலம் பம்பாயில் ஒரு தனியாரிடம் உள்ளது என்றும் குறிப்பிட்டார். மூலச் சிலை நியூயார்க் சென்று, 1973இல் நார்ட்டன் சைமன் அமைப்பால் வாங்கப்பட்டது. இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976இல் உடன்பாடு ஏற்பட்டு, 1986இல் நடராசர் இந்தியா திரும்பினார்.

தூய்மை செய்வதும் பழுது நீக்குவதும் நல்ல நோக்கமுள்ள வேலைகள். ஆனால் அந்த வேலைக்காகச் சிலை கோயிலை விட்டு வெளியேறும் நாள்களே மாற்றிவைப்பதற்கு வாய்ப்பான நாள்கள் என்பதை இவ்வழக்கு காட்டிற்று. எடை, அளவு, எல்லாப் பக்கங்களின் நிழற்படம் ஆகியவை முன்பே பதிவாகியிருந்தால் மாற்றம் உடனே தெரிந்திருக்கும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுக் கோயில்களில் எடுத்த நிழற்படங்கள், பின்னாளில் திருட்டுப்போன பல திருமேனிகளை மீட்க உதவியமை இதற்குச் சான்று.

பத்தூர்: அழுக்கே சான்றானது

திருவாரூர் மாவட்டம் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர் இலண்டனுக்குக் கடத்தப்பட்டது. அது பத்தூர்ச் சிலைதானா என்பதே நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி. அதே இடத்தில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு உலோகம், சிற்ப அமைதி, ஒட்டியிருந்த மண், கரையான் தடம் ஆகியவை ஒப்பிடப்பட்டன. தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சிற்ப வல்லுநராகச் சாட்சியம் அளித்தார். 1988இல் கோயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டிலும் அது உறுதியாகி, 1991இல் சிலை திரும்பியது.

விற்பதற்காகவோ படியெடுப்பதற்காகவோ யாரேனும் அந்தச் சிலையை முற்றாகக் கழுவித் துலக்கியிருந்தால் அந்த மண்ணும் கரையான் தடமும் மறைந்திருக்கும். அச்சில் அழுக்கு என்பது குறை. மூலச் சிலையில் அதுவே ஊரின் அடையாளமாக அமையலாம்.

வேதாரண்யம், 2019

படியெடுக்கும் திறனின் மறுபக்கத்தை வேதாரண்யம் கண்டது. 2019 ஆகஸ்ட் 25 அன்று இரு தரப்பினரிடையே ஏற்பட்ட மோதலின்போது அங்கிருந்த அம்பேத்கர் சிலை உடைக்கப்பட்டது. மறுநாளே அதே இடத்தில் அரசு புதிய சிலையை நிறுவியது. உடைந்த சிலையின் படங்கள் பரவிப் பதற்றம் கூடிக்கொண்டிருந்த வேளையில், ஒரு நாளுக்குள் வேறொரு சிலை நின்றது.

மெழுகிலிருந்து தொடங்கும் முறையில் ஆளுயரச் சிலை ஒன்றுக்குப் பல வாரங்கள் வேண்டும். ஒரே தலைவரின் சிலைகள் பலவாக வார்க்கப்பட்டு ஆயத்தமாகக் கிடைக்கும் காலத்தில்தான் ஒரே நாளில் மாற்றுச் சிலை என்பது இயல்வதாகிறது. தலைவர் சிலையின் மதிப்பு அது குறிக்கும் மனிதரில் உள்ளது; ஆகவே படி அங்கே மூலத்துக்கு ஈடாக நிற்க முடிகிறது. கோயில் திருமேனியின் நிலை வேறு. அதற்கு ஒரு கொடையாளர், ஒரு கல்வெட்டு, ஒரு குடமுழுக்கு, ஒரு தெரு உண்டு. சிவபுரத்தில் நின்ற படி அவற்றுக்கு ஈடாகவில்லை.

இன்றைய நிலை

சுவாமிமலையில் வழிபாட்டுத் திருமேனிகள் இன்றும் மண் அச்சிலேயே வார்க்கப்படுகின்றன. கைவினைக் கடைகளுக்கான சிறு உருவங்களில் மெழுகு உருவைப் பலவாக எடுக்க ரப்பர் அச்சுகள் பயன்படுகின்றன. அப்போதும் இறுதி வார்ப்பு மண்ணில்தான். அருங்காட்சியகங்களில், மூலத்தைத் தொடாமலேயே ஒளிக்கதிராலும் நிழற்படங்களாலும் முப்பரிமாண அளவெடுத்துப் படி செய்யும் முறை வளர்ந்துவருகிறது. அவ்வாறு அச்சிட்ட பிசின் உருவங்களின்மேல் பிளாட்டின வகைச் சிலிக்கோன் ஊற்றும்போது, பிசினின் எச்சம் அதை இறுகவிடாமல் தடுப்பதால், கழுவி உலர்த்தும் பழைய வேலை மீண்டும் முதலிடம் பெறுகிறது.

கோயில்கள் படியெடுக்க இசையும்போது மூன்று செய்திகள் பதிவாவது நல்லது: மூலத்தின் எடையும் அளவும், அச்சு எடுத்த நாள், எடுத்த படிகளின் எண்ணிக்கை. படியின் அடியில் அது படி என்பதைப் பொறித்துவிட்டால் பின்னாளில் ஐயம் எழாது. பழைய மண் அச்சு உடைந்தபோது இந்தக் காவல் தானாகவே நடந்தது. உடையாத அச்சுக்கு அதை மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.